ஏழு மில்லிமீட்டர் சமதளம்

ஜூலையில் மாடுகள் மடி வற்றி நிற்கும்.
பால் டேங்கர் ஓட்டுகிறவளுக்கு
இன்வர்கார்கிலில் அதுதான் விடுமுறை.
கொட்டகையில் ஹீட்டர்
என் முழங்காலை மட்டும் சுடுகிறது.
லேத் குளிர்ந்தே கிடக்கிறது.

மேசைமேல் கன்மெட்டல் சிலிண்டர்,
உள்ளங்கையில் அடங்குகிற நீராவி எஞ்சினுக்கு.
வார்ப்பின் தோல் இன்னும் உரியவில்லை:
அரைகுறையாய்ச் சவரம் செய்த முகவாய்.
அடித்தட்டில் எட்டுத் துளை.
போல்ட்டைச் செருகி நட்டை முடுக்கினால்
ஒரு பக்கம் உட்காருகிறது,
மறுபக்கம் மயிரிழை எழுந்து நிற்கிறது,
பந்தியில் பாதி இலை கிடைத்த விருந்தாளி மாதிரி.

"வாஷர் போடேன்" என்றான் ஃபெர்கஸ் டுவீடி,
ஏணி கடன் கேட்க வந்தவன்.
வாஷரும் சாயும், ஃபெர்கஸ்.
சாய்ந்த நட் போல்ட்டை வளைக்கும்.
"நட்டுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஏணி இருந்தது, கொடுத்தேன்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தபாலில் ஒரு கட்டர் வந்தது.
பத்து மில்லிமீட்டர் அகலம்.
துளையின் நடுவிலிருந்து சிலிண்டர் சுவருக்கு நாலுதான் இடம்.
முகம் மழிக்கப் போய்க் காதை அறுக்கும்.
ஏலத்தில் வாங்கிய புகையிலை டப்பாவில் இன்னும் ஒன்பது,
எல்லாம் வேறு யாருடைய துளைகளுக்கோ பிறந்தவை.

ஆகவே சில்வர் ஸ்டீல் கம்பி, ஏழு மில்லிமீட்டர்.
வெள்ளி பெயரில் மட்டும்.
முனையைக் கடைந்து கடைந்து
துளைக்குள் வழுக்கிப் போகும் மூக்கு ஒன்று விட்டேன்.
தோளில் நாலு பல், அரத்தால்.
ஒவ்வொரு பல்லுக்கும் முதுகில் கொஞ்சம் சரிவு,
இல்லையென்றால் தேய்க்கும், வெட்டாது.
சங்கக் கூட்டங்களில் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

டார்ச்சில், மாதுளை முத்தின் சிவப்பு வரும்வரை.
தண்ணீரில், சுர்ர்.
பிறகு பளபளக்கத் தேய்த்து
மணல் தட்டில் மெல்ல மெல்லச் சூடு.
வெளிறிய வைக்கோல் நிறம் ஓடிவந்தது.
அந்த நேரம் பார்த்து ஃபோன்.
தங்கை. நாய்க்கு வயிற்றில் கட்டியாம்.
திரும்பினால் நீலம்.
மயில் கழுத்து நீலம்,
பார்க்க அப்படி ஒரு அழகு,
வெண்ணெய்கூட வெட்டாது.

இரண்டாவதற்கு
ஃபோனைக் காரில் வைத்துப் பூட்டினேன்.

முதல் துளை. வேகத்தைக் குறைத்தேன்.
கிர்ரென்று ஒரு முனகல், அப்புறம் சீராக
தேங்காய்ப் பூ மாதிரித் துகள்.
தூக்கிப் பார்த்தால்
துளையைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவு வெளிச்சம்.
நட்டை வைத்தேன்.
உட்கார்ந்தது.
வெளிச்சம் போயிற்று.

இப்படி ஏழு.

எட்டாவதில் டிக்.
மூக்கு உள்ளேயே தங்கிவிட்டது.
பல் போனால் சொல் போகும்;
மூக்குப் போனால் வந்த சொல்லை
இங்கே எழுத முடியாது.
கடினமேற்றிய எஃகு, டிரில்லுக்கு மசியாது.
நானேதான் மசியாமல் செய்திருந்தேன்.

அலமாரியில் படிகாரம் இருந்தது, ஊறுகாய்க்கு வாங்கியது.
எஃகைத் தின்னும், கன்மெட்டலை விட்டுவிடும்.
ஏழு போல்ட்டையும் கழற்றினேன்,
அவற்றுக்கும் அதே கதி வரக்கூடாதே.
பழைய சாஸ்பேனில் கொதிக்கவைத்துச்
சிலிண்டரை இறக்கினேன்.

ராத்திரி முழுக்க அந்த ஒரு துளையிலிருந்து
ஒற்றைச் சரமாய்க் குமிழிகள்.
நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை நான் அளந்த மூக்கு
மேலே வந்து, வெடித்து,
சமையலறைச் சன்னலில் ஆவியாகப் படிந்தது.
வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றினேன்.
நடுவில் தூங்கியும் போனேன்.

காலையில் துளை காலி. அடியில் கறுப்புச் சேறு.
ஃபெர்கஸ் ஏணியோடு வந்தான்.
சிலிண்டர் துண்டின்மேல் ஈரமாய்க் கிடந்தது,
நட் எதுவும் இல்லாமல்,
கொஞ்சம் மங்கிய ஏழு வட்டங்கள் தெரிய.
ஒன்றின்மேல் கட்டைவிரலை வைத்தான்.
எடுத்தான். மறுபடி வைத்தான்.
"எட்டாவது?"
கம்பியில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது என்றேன்.

ஏணியைச் சுவரில் சாய்த்தான்.
அது சறுக்கியது.
தரையைப் பார்த்தான்,
மேடும் பள்ளமுமான என் சிமென்ட் தரை,
ஒன்றும் சொல்லாமல்
ஒரு காலுக்கு அடியில் வாஷர் வைத்தான்.